ஏற்றாத அரை மணி

காமினி கோபம் வந்தால் கத்துகிறவள் அல்ல. எதையாவது எடுத்து அளக்க ஆரம்பித்துவிடுவாள். புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை. அங்கே பொருள் செய்கிறவர்கள் நானூறு பேர். அவர்கள் கையிலிருக்கும் அளவுக் கருவிகள் உண்மையைத்தான் சொல்கின்றனவா என்று சோதிக்கிறவர்கள் மூன்றே பேர். அந்த மூவரில் மூத்தவள் காமினி. கருவி சரியாக இருந்தால் பச்சை ஒட்டு, தப்பாக இருந்தால் சிவப்பு ஒட்டு. அவள் சிவப்பு ஒட்டியதை மேனேஜரே நேரில் வந்து கெஞ்சினாலும் கிழிக்க மாட்டாள்.

ஊர்க் கருவிகளையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள், தன் வீட்டு அலமாரியின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு கடிகாரத்தை மட்டும் சோதித்துப் பார்க்கவில்லை. அப்பாவின் கடிகாரம் ஆயிற்றே. அப்பாவை யார் சோதிப்பார்கள்?

அப்பா அர்ஜுனன் பினாங்கு துறைமுகத்தில் கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதும் வேலை. எழுபதுகளில் ஒரு கப்பல் கம்பெனி தன் ஆபீசை மூடியபோது, அங்கே இருந்த பெட்டிக் கடிகாரத்தை யாரும் கேட்காததால் இவர் கேட்டு வாங்கிக்கொண்டார். கறுப்பு மரப்பெட்டி, வெள்ளை முகம், சாவி கொடுக்க இரண்டு துளை, உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு பித்தளை ஊசல். ஜெர்மனியில் செய்தது. சைக்கிள் கேரியரில் பச்சைப் பிள்ளையைப்போல் துணி சுற்றி டத்தோ கிராமாட்டில் இருந்த வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தாராம். அன்றிலிருந்து அவர் நடை மாறிவிட்டது. தெருவில் யாராவது மணி கேட்டால் கைக்கடிகாரத்தைப் பார்க்க மாட்டார். வீட்டுக்குள் போய், பெட்டிக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வந்து, தீர்ப்புச் சொல்வதுபோல் சொல்வார். ரேடியோவுக்கும் அதற்கும் வித்தியாசம் வந்தால் ரேடியோக்காரனுக்குத் தூக்கம் என்பார். தெருவே சிரிக்கும். அவர் சிரிக்க மாட்டார்.

இந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் காமினி பிறந்த நேரத்தை எழுதினார்கள். 1982 ஜனவரி பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒன்று ஐந்து. அந்த நேரத்தை வைத்து ஜோசியர் கட்டம் போட்டார். மீன லக்கினம். ஏழாம் வீட்டில் செவ்வாய். ஏழு என்பது தாலி கட்டுகிறவனுடைய வீடு. அங்கே செவ்வாய் இருந்தால் கட்டுகிறவன் நிலைக்க மாட்டான் என்று ஜோசியர் சொன்னதை அம்மா வடிவம்மாள் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள். அப்போது குழந்தைக்கு வயது நாற்பது நாள்.

இருபத்து நான்கு வயதில் முதல் வரன் வந்து, கட்டத்தைப் பார்த்துவிட்டுக் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனது. அன்றைக்குத்தான் காமினி ஒன்றைக் கவனித்தாள். அரசாங்கப் பிறப்புச் சான்றிதழில் அவள் பிறந்த நேரம் ஒன்று முப்பத்தைந்து என்று இருந்தது. பிரசவம் பார்த்த அரசாங்க மிட்வைஃப், சித்தி ஹாஜரா என்ற மலாய்க்கார அம்மா, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதியது அது. அப்பாவிடம் காட்டினாள். அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. அந்த அம்மா கைக்கடிகாரம் கட்டியிருந்ததே அழகுக்கு, என் மணி பொய் சொல்லாது என்று ஒரே அடியாக அடித்தார். காமினி நம்பினாள். நம்பாமல் எப்படி இருப்பாள்? விவரம் தெரிந்த நாளாக அந்தக் கடிகாரம் ஒரு நிமிஷம் பிசகி அவள் பார்த்ததில்லை. இரண்டாவது வரனும் போனது. செவ்வாய் உள்ள பையனாகத் தேடிப் பார்த்தார்கள். கிடைத்தவனுக்குச் செவ்வாயோடு சேர்த்துக் குடியும் இருந்தது.

இதெல்லாம்கூடப் போகட்டும். தங்கராஜு விஷயத்தைத்தான் பொறுக்க முடியாது.

தங்கராஜு அதே தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பகுதி. அதிகம் பேசாதவன். 2009இல், கேண்டீனில், எதிரில் உட்கார்ந்து, என்னைக் கட்டிக்குவீங்களா என்று தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான். காமினிக்கு அவனைப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்பது சின்ன வார்த்தை. பினாங்குப் பாலத்தைத் தாண்டி வீட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் அவன் எந்த சீட்டில் உட்கார்வான் என்பதை வைத்துத்தான் அவளுக்கு அந்த நாள் நல்ல நாளா கெட்ட நாளா என்று முடிவாகும். அவனுக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது. காமினிக்கும் பெரிதாக நம்பிக்கை இல்லை. ஆனால் பயம் இருந்தது. நம்பிக்கை போன பிறகும் பயம் மட்டும் தங்கிவிடும். இவனைக் கட்டி, இவன் ஒருநாள் இயந்திரத்தில் கை வைத்த இடத்தில் விழுந்து கிடந்தால்? அந்தப் படம் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். காரணத்தையும் சொன்னாள். அவன் வாதாடிப் பார்த்தான். அவள் அசையவில்லை. அவன் உயிரோடு இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, வீட்டுக்கு வந்து, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மறு வருஷம் அவன் வீட்டில் பத்துப் பொருத்தமும் பார்த்து ஒரு பெண்ணைக் கட்டி வைத்தார்கள். பழுதே இல்லாத ஜாதகம் அந்தப் பெண்ணுக்கு. பதினொரு வருஷத்தில் புற்றுநோய் வந்து செத்துப் போனாள், பாவம். எந்தக் கட்டத்திலும் அது எழுதியிருக்கவில்லை.

இந்த வருஷம் தங்கராஜு மறுபடியும் கேட்டான். அதே கேண்டீன். அவனுக்கு வயது நாற்பத்தாறு, காமினிக்கு நாற்பத்து மூன்று. யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் காமினி சொன்னாள். அவனுக்கு ஒரே அக்கா, ஜெகதீஸ்வரி. தம்பி முதலில் ஒருத்தியை இழந்தவன் என்பதால், இந்தத் தடவை கட்டத்தை என் கண்ணால் பார்க்காமல் விட மாட்டேன், ஞாயிற்றுக்கிழமை வந்து நானே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினாள். அவள் பயமும் நியாயந்தான். வடிவம்மாள் பீரோவைத் திறந்து, மஞ்சள் தடவிய அந்தப் பழைய தாளை எடுத்து, சாமிப் படத்தடியில் வைத்தாள். அந்தத் தாள் இந்த வீட்டை விட்டு வெளியே போனால் என்ன நடக்கும் என்று காமினிக்குத் தெரியாதா? மூன்றாவது முறையும் அதுதான் நடக்கும்.

தாளை வைத்த கையோடு வடிவம்மாளுக்கு இன்னொரு கவலை வந்தது. அப்பா போன நாளிலிருந்து, ஒன்பது வருஷமாக, பெட்டிக் கடிகாரம் நின்றே கிடந்தது. நின்ற கடிகாரம் இருக்கும் வீட்டில் நல்லது பேசக் கூடாதாம். அதை ஓட வை என்று சனிக்கிழமை காலையிலிருந்து பிடுங்கி எடுத்துவிட்டாள். பெண்ணின் வாழ்க்கை நின்று கிடந்ததைப் பற்றி இவ்வளவு அவசரம் இந்த வீட்டில் யாருக்கும் வந்ததில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு காமினி கடிகாரத்தை மேசைக்கு இறக்கினாள். தூசு தட்டி, சாவி கொடுத்து, ஊசலைக் கொக்கியில் மாட்டி ஒரு தட்டுத் தட்டினாள். பத்து நிமிஷம் ஓடி நின்றது. காது வைத்துக் கேட்டாள். டிக், டக் இரண்டும் சம இடைவெளியில் விழவில்லை. ஒரு கால் குட்டையானவன் நடப்பதுபோல் நொண்டியது. மேசை சாய்வு. பெட்டி சாய்ந்திருந்தால் ஊசல் ஒரு பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் போகும், கொஞ்ச நேரத்தில் களைத்துவிடும். பழைய டோல் அட்டை ஒன்றை இடது காலடியில் செருகினாள். சத்தம் சீரானது.

இந்த ஊசல் ஒரு வேடிக்கையான பண்டம். குண்டு கனமா லேசா என்று அதற்குக் கவலை இல்லை. கொஞ்சம் அகலமாக ஆடினாலும் குறுகலாக ஆடினாலும் ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய அதே நேரந்தான் எடுத்துக்கொள்ளும். நீளம் ஒன்றுதான் கணக்கு. நீளம் கூடினால் மெதுவாக ஆடும், குறைந்தால் விரைவாக ஆடும். பினாங்கு வெயிலில் கம்பி மயிரிழை நீண்டாலே நாளுக்குச் சில வினாடி பிந்தும். அதற்காகத்தான் குண்டுக்கு அடியில் ஒரு சின்னத் திருகு. ஒரு சுற்று ஏற்றினால் கடிகாரம் வேகமாகும், இறக்கினால் தாமதமாகும். அர்ஜுனன் அந்தத் திருகை வைத்துத்தான் ஊரை ஆண்டார்.

திருகைப் பார்க்கக் காமினி பெட்டியின் பின்கதவைத் திறந்தாள். மணியடிக்கும் கம்பிச் சுருளுக்குப் பின்னால் ஒரு 555 நோட்டுப் புத்தகம் செருகியிருந்தது. எல்லா மளிகைக் கடையிலும் கிடைக்கும் உள்ளங்கை அகலப் புத்தகம். அப்பாவின் கையெழுத்து. ஒவ்வொரு நாளும் காலை எட்டு மணிக்கு ரேடியோ என்ன சொன்னது, கடிகாரம் என்ன சொன்னது, வித்தியாசம் எத்தனை வினாடி, திருகு எத்தனை சுற்று. மூட்டை எண்ணி எழுதிய அதே ஒழுங்கு. காமினிக்குக் கண் கலங்கிவிட்டது. வேலையிடத்தில் அவள் எழுதும் பதிவேடும் இப்படித்தான் இருக்கும். நான் இவர் மகள்தான் என்று ஒரு பெருமைகூட வந்தது. அந்தப் பெருமை இரண்டு பக்கம்தான் நின்றது.

1-1-82. ரேடியோ 8.00. நம்மது 7.30. வித்தியாசம் இல்லை.

அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். முதலில் அவளுக்குப் புரியவில்லை. எட்டுக்கும் ஏழரைக்கும் நடுவில் அரை மணி இருக்கிறதே, எப்படி வித்தியாசம் இல்லாமல் போகும்? பிறகு நினைவுக்கு வந்தது. பள்ளியில் ஆசிரியர் சொன்னதுதான். 1981 கடைசி நாள், இரவு பதினொன்றரைக்கு மலேசியா முழுவதும் கடிகாரங்களை அரை மணி முன்னால் தள்ளி வைத்து அதையே நள்ளிரவு ஆக்கினார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சபா, சரவாக் மாநிலங்களுக்கும் நமக்கும் ஒரே நேரம் இருக்கட்டும் என்று அரசாங்கம் செய்த ஏற்பாடு. எல்லாரும் முள்ளை ஏற்றினார்கள். அர்ஜுனன் ஏற்றவில்லை. பக்கத்தின் ஓரத்தில் எழுதியே வைத்திருந்தார்: சர்க்கார் சொன்னால் மாற்றிக்கொள்ள இது சர்க்கார் கடிகாரம் இல்லை.

காமினி பக்கத்தைத் திருப்பினாள்.

10-1-82. ரேடியோ 8.00. நம்மது 7.30. வித்தியாசம் இல்லை. பெண் குழந்தை, மதியம் 1.05.

அவள் அந்த வரியை மூன்று தடவை படித்தாள். பிறகு அடுத்த பக்கங்களில் தேடினாள். மார்ச் முதல் தேதியில் இருந்தது: வேலைக்கு அரை மணி தாமதம். எல்லார் முன்னாலும் ஏச்சு. முள்ளை ஏற்றிவிட்டேன்.

வேலையிடத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் காமினி சொல்லும் பாடம் ஒன்று உண்டு. ஒரு கருவி ஆடாமல் அசையாமல் ஒரே சீராக வேலை செய்யலாம், ஆனாலும் தப்பாக இருக்கலாம். ஓட்டத்தில் பிழை வேறு, வைத்த இடத்தில் பிழை வேறு. ஊசலுக்கு ஒரு வினாடி எவ்வளவு நீளம் என்பது தெரியும். இப்போது மணி என்ன என்பது அதற்குத் தெரியாது. அதை மனிதன்தான் முள்ளைப் பிடித்து வைக்க வேண்டும். அப்பா பொய் சொல்லவில்லை, கடிகாரமும் பொய் சொல்லவில்லை. ஒரு பிடிவாதக்காரர் வைத்த இடத்திலிருந்து அது யோக்கியமாக ஓடியிருக்கிறது, அவ்வளவுதான்.

போனில் ஜாதகம் கணிக்கும் ஆப் ஒன்றை இறக்கினாள். ஒன்று ஐந்து என்று போட்டாள். மீனம், ஏழில் செவ்வாய். ஒன்று முப்பத்தைந்து என்று போட்டாள். லக்கினம் மேஷத்துக்கு ஏறியிருந்தது. லக்கினம் ஒரு வீடு நகர்ந்தால் மற்ற எல்லா வீடுகளும் நகரும். ஏழில் இருந்த செவ்வாய் ஆறுக்குப் போயிருந்தது. ஆறில் இருந்தால் தோஷம் இல்லை. கீழே பச்சை எழுத்தில் அப்படியே போட்டிருந்தது.

பச்சை. காமினிக்குச் சிரிப்பு வந்தது, அது நல்ல சிரிப்பு இல்லை. உள்ளங்கால் வரைக்கும் ஆத்திரம் இறங்கியது. மிட்வைஃப் சித்தி ஹாஜரா சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். அந்தச் சான்றிதழ் நாற்பத்து மூன்று வருஷமாக இதே பீரோவில், இதே ஜாதகத்துக்கு அடியில் கிடந்திருக்கிறது. யார் பேச்சையும் கேட்காத அப்பா, அந்த மிட்வைஃப் பேச்சையாவது கேட்டிருக்கலாம்.

சமையலறையில் வடிவம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். காமினி நோட்டுப் புத்தகத்தை அவள் முன்னால் வைத்தாள். விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். பாதி சொல்லும்போதே அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டாள். அந்த முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உங்களுக்குத் தெரியுமாம்மா?"

வடிவம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். முதலில் மழுப்பினாள். அந்தக் காலத்தில் யாருக்கு இதெல்லாம் தெரியும் என்றாள். காமினி அசையாமல் நின்றாள். கடைசியில் அம்மா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"முத வரன் போன அன்னிக்கு நீ சர்ட்டிபிகேட்ட காட்டுன பாரு, அப்பத்தான் அவருக்கே ஞாபகம் வந்துச்சு. அந்த புக்க எடுத்துப் பாத்தாரு. மூஞ்சி செத்துப் போச்சு. ஜோசியர்கிட்ட போயி சொல்லலாம்னேன். 'என் மணி தப்புன்னு நானே போயி சொல்லணுமா, தெருவே சிரிக்கும்லா'ன்னாரு. அதோட அந்தப் பேச்சு முடிஞ்சிருச்சு."

2006இல் முடிந்த பேச்சு. தங்கராஜு கேட்டது 2009இல். காமினி மனதுக்குள் கழித்துப் பார்த்தாள். மூன்று வருஷம். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அவள் அழுதபோது, வெளியே இருந்த இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. கதவைத் தட்டி, அழாதே, அது தப்பான நேரம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அன்றைக்கு இதே அம்மா, சோறு போட்டுக்கொண்டு, விதி என்று ஒன்று இருக்கிறதே என்றாள்.

"என் சம்பளத்துக்காகவாம்மா?" என்று காமினி கேட்டாள்.

வடிவம்மாள் பதறிப்போய்விட்டாள். சத்தியமாக இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டாள். காமினி அதை நம்பினாள். நம்பியதால்தான் கோபம் இரண்டு மடங்கானது. காசுக்காகச் செய்திருந்தால்கூட, வீட்டில் கஷ்டம், வழி இல்லை என்று மனது ஆறியிருக்கும். இது அதுவும் இல்லை. தெருவில் நான்கு பேர் சிரித்துவிடுவார்கள் என்பதற்காக ஒரு பெண்ணின் பத்தொன்பது வருஷம். அந்த நான்கு பேரும் இப்போது செத்துப்போயிருப்பார்கள், அல்லது வீட்டை விற்றுவிட்டுப் போயிருப்பார்கள்.

வடிவம்மாளுக்கு அழுகையின் நடுவிலேயே ஒரு யோசனை வந்தது. இப்போது ஒன்றும் கெட்டுப் போகவில்லை, நாளைக்கே ஜோசியரிடம் போய்ச் சரியான நேரத்தைக் கொடுத்து வேறு கட்டம் போட்டு வாங்கிவிடலாம், ஜெகதீஸ்வரியும் சந்தோஷப்படுவாள் என்றாள். முகம்கூட மலர்ந்துவிட்டது.

காமினிக்கும் ஒரு நிமிஷம் ஆசை வந்தது, அதை மறைப்பானேன். பச்சை எழுத்து போனில் இன்னும் இருந்தது. அதை அப்படியே கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் அதைக் கொடுத்தால், 2009இல் அவள் அவனை அனுப்பியது நியாயம் என்று ஆகிவிடும். நேரம்தான் தப்பு, மற்றபடி எல்லாம் சரி என்று ஆகிவிடும். பொருத்தமெல்லாம் பார்த்துக் கட்டியவள் புதைகுழிக்குப் போனதற்கு எந்தக் கட்டம் பதில் சொல்லும்? தப்பான கருவி என்று தெரிந்த பிறகு, அது இன்றைக்கு நமக்குப் பிடித்த எண்ணைக் காட்டுகிறது என்பதற்காக அதை யாராவது பயன்படுத்துவார்களா?

"இனிமே எந்தக் கட்டமும் வேணாம்மா," என்றாள். சாமிப் படத்தடியில் இருந்த தாளை எடுத்து நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

பிறகு தங்கராஜுவைப் போனில் கூப்பிட்டாள். நடந்ததைச் சொன்னாள். பதினாறு வருஷம் என்று மட்டும் அவன் சொன்னான். அவன் குரலிலும் கோபம் இருந்தது. அதைக் கேட்டதும் காமினிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. இந்தக் கோபத்தைத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. அக்காவை ஒரு வாரம் கழித்து வரச் சொல்கிறேன் என்றான் அவன். திங்கட்கிழமை இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டுத் திருமணப் பதிவு அலுவலகத்துக்குப் போய் மனுக் கொடுத்தார்கள். எந்த நாள், எந்த நேரம் வேண்டும் என்று கவுண்டரில் கேட்டார்கள். தங்கராஜு அவளைப் பார்த்தான். நேரத்தைக் காமினிதான் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கராஜுவும் ஜெகதீஸ்வரியும் வந்தார்கள். அலமாரியின் மேல் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஜெகதீஸ்வரி நல்ல மனுஷிதான். கடிகாரத்தைப் பார்த்து, நல்லா ஓடுதே என்றாள். காப்பியை முழுவதுமாகக் குடித்தாள். பிறகு ஜாதகத்தைக் கேட்டாள். ஜாதகம் இல்லை, கிழித்துப் போட்டாகிவிட்டது என்று காமினி சொன்னாள். ஜெகதீஸ்வரி தம்பியைப் பார்த்தாள். அவன், பதிவுக்கு நாள் குறித்தாகிவிட்டது, வருகிற மாதம் முதல் புதன்கிழமை, மதியம் பன்னிரண்டேகால் என்றான்.

ஜெகதீஸ்வரிக்கு மனது ஒப்பவில்லை. விரலை மடக்கி எண்ணினாள்.

"புதன்கிழமை பன்னெண்டுலேருந்து ஒன்றரை ராகு காலம்லா. வேற டைம் கெடைக்கலையா?"

வடிவம்மாளும் அப்போதுதான் அதைக் கவனித்தாள். இந்த ஒன்றையாவது மாற்றிக்கொள்ளக் கூடாதா என்று மகளைக் கெஞ்சுவதுபோல் பார்த்தாள். ராகு காலத்தில் போய் யாராவது நல்ல காரியம் செய்வார்களா என்றாள்.

காமினி அம்மாவைத்தான் பார்த்தாள்.

"யாரு கடிகாரத்துலம்மா?"

வடிவம்மாள் எழுந்து போய்க் காப்பிக் குவளைகளைக் கழுவ ஆரம்பித்தாள்.